பொதுக் காட்டில் வில் வேட்டைக்கு எந்த கிளைம்பர் வாங்கலாம்?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். அட்லாண்டாவுக்கு வடக்கே குடியிருக்கிறீர்கள். ஹன்ட்டர் எஜுகேஷன் வகுப்பை முடித்து ஜார்ஜியா உரிமமும் வாங்கியாகிவிட்டது. செப்டம்பரில் வில் பருவம் திறந்ததும் கம்பவுண்ட் வில்லோடு (கப்பி வைத்த நவீன வில்) டபிள்யூ.எம்.ஏ. எனப்படும், அரசு நிர்வகிக்கும் பொது வேட்டைக் காடுகளில் மானுக்காக முதல் முறை மரமேறி உட்காரப் போகிறீர்கள். எடை 95 கிலோ. பட்ஜெட் 400 டாலர். மரத்தில் நம்மோடு சேர்ந்தே மேலேறும் இருக்கையான கிளைம்பர் ஸ்டாண்டில் சம்மிட் வைப்பரா, லோன் உல்ஃப் ஹேண்ட் கிளைம்பரா, இல்லை விலை குறைந்த இரும்பு ஸ்டாண்டே போதுமா என்று கேட்கிறீர்கள். பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போகலாம்தான். ஆனால் உங்கள் கேள்விக்குள் இன்னும் மூன்று கேள்விகள் இருக்கின்றன. நீங்கள் உட்காரப் போகும் இடத்தில் நிற்பது என்ன மரம்? அதுவரை எவ்வளவு தூரம் சுமக்க வேண்டும்? தரையை விட்டுக் கிளம்பி மறுபடி தரைக்கு வரும் வரை உங்களை மரத்தோடு பிடித்து வைத்திருப்பது எது? இவற்றுக்குப் பதில் கிடைத்தால் ஸ்டாண்ட் எது என்பது தானாகவே முடிவாகிவிடும். ஜார்ஜியாவின் பைன் காடுகளில் பல வருடங்களாகக் கிளைம்பரில்தான் உட்கார்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு ஏறவும் சொல்லித் தருகிறேன். அந்தப் பழக்கத்திலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

கிளைம்பர் எதன் பலத்தில் நிற்கிறது என்பது புரிந்தால் மற்றதெல்லாம் எளிது. அது இரண்டு துண்டு. மேலே இருக்கை, கீழே கால் வைக்கும் தளம். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கேபிளோ பெல்ட்டோ மரத்தைச் சுற்றி வந்து மறுபக்கம் பூட்டிக்கொள்ளும். நம் எடை இறங்கும்போது தளத்தின் ‘வி’ வடிவப் பற்கள் இந்தப் பக்கப் பட்டையைக் கவ்வும், கேபிள் பின்பக்கப் பட்டையைக் கவ்வும். எடையை எடுத்தால் பிடி விட்டுவிடும். மேல் துண்டைத் தூக்கி வைத்து அதில் உட்கார வேண்டும். கால்மாட்டியில் செருகிய பாதங்களால் கீழ்த் துண்டை மேலே இழுத்து, அதில் எழுந்து நின்று, மறுபடி மேல் துண்டைத் தூக்க வேண்டும். பனையேறி தளைநார் போட்டு ஏறுகிற அதே இயக்கம்தான். ஆணி கிடையாது, திருகு கிடையாது. பட்டைக்கும் பல்லுக்கும் நடுவில் இருக்கும் உராய்வுதான் 20 அடி உயரத்தில் உங்களைத் தாங்குகிறது. ஆகவே முதலில் மரத்தைப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் கடைக்குப் போக வேண்டும்.

மரம் உயிரோடு, நேராக, நீங்கள் ஏறும் உயரம் வரை கிளை இல்லாமல் இருக்க வேண்டும். பெரும்பாலான கிளைம்பர்கள் ஏறக்குறைய 8 முதல் 20 அங்குல விட்டமுள்ள மரத்துக்குத்தான் பொருந்தும். காட்டில் விட்டத்தை அளக்க முடியாது, சுற்றளவை அளக்கலாம். தையல்காரர் வைத்திருக்கும் அளவு நாடா ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சுற்றளவு 25 அங்குலத்துக்குக் கீழே இருந்தாலோ 63 அங்குலத்துக்கு மேலே போனாலோ அந்த மரம் வேண்டாம். 12 முதல் 16 அங்குல விட்டம் எனக்குப் பிடித்தது. மரத்துக்கு ஆட்டம் இருக்காது, உங்கள் உடம்பின் வெளிக்கோட்டையும் ஓரளவு மறைக்கும். இதில் உங்களுக்கு அதிர்ஷ்டம். ஜார்ஜியாவின் பீட்மாண்ட் பகுதி முழுக்க லாப்லாலி பைன் நிறைய. கோடு போட்டாற்போல் நேராக, நெடுந்தூரம் கிளையில்லாமல், பற்கள் நன்றாகப் பதியும் தடித்த பட்டையோடு நிற்கும். கிளைம்பருக்கு இதைவிடத் தோதான மரம் கிடையாது. ஸ்வீட்கம், டியூலிப் பாப்லர் மரங்களும் நேராக இருந்தால் பரவாயில்லை.

ஆனால் மான் வந்து நிற்பது பைனுக்கு அடியில் அல்ல. செப்டம்பர் கடைசியிலிருந்து வெள்ளை ஓக் காய்கள் விழ ஆரம்பிக்கும். சிவப்பு ஓக் காயைவிடத் துவர்ப்பு குறைவு என்பதால் மான்கள் முதலில் அதைத்தான் தேடி வரும். வெள்ளை ஓக்கோ பல இடங்களில் தாழ்வாகவே கிளை பரப்பிவிடும், அப்படிப்பட்டதில் கிளைம்பர் ஏறாது. அதனால் காய் கொட்டுகிற ஓக்கைக் கண்டுபிடித்து, அதிலிருந்து 20 யார்டு தள்ளி, காற்று ஓக்கிலிருந்து உங்களை நோக்கி வீசும் பக்கத்தில் ஒரு பைனைத் தேடுங்கள். கிளைம்பர் வைத்திருப்பவரின் வேலையில் பாதி இந்தத் தேடல்தான். நீங்கள் போகப் போகிற காட்டில் அப்படி நேரான மரமே கிடையாது, எல்லாம் கோணலும் கிளையும்தான் என்றால் கிளைம்பரே வேண்டாம். மரத்தில் வாரால் கட்டி மாட்டும் ஹேங்-ஆன் ஸ்டாண்டோ, இடுப்பில் அணிந்து கயிற்றில் சாய்ந்து உட்காரும் சேடலோ அங்கே ஒத்துவரும். ஆகஸ்ட்டில் ஒரு நாள் வெறுங்கையோடு போய் மரங்களைப் பார்த்துவிட்டு வாருங்கள். 400 டாலரை எதில் போடுவது என்பதை அந்த ஒரு நாள் முடிவு செய்துவிடும்.

எந்த மரத்தில் ஏறக்கூடாது என்பதிலும் சந்தேகத்துக்கு இடமில்லை. பட்டை நீள நீளமாக உரிந்து தொங்கும் ஷாக்பார்க் ஹிக்கரியில் ஏறாதீர்கள். பற்கள் கவ்வுவது மரத்தையல்ல, உரியப் போகும் சிம்பை. பீச், சிகமோர் போன்ற வழவழப்பான மரங்களில் மழை நாளிலும் உறைபனி நாளிலும் ஏறாதீர்கள். செத்த மரம், கொடி சுற்றிய மரம் இரண்டும் கூடாது. பைனிலும் ஒரு எச்சரிக்கை உண்டு: ஊசியிலைகள் சிவந்திருந்தாலோ, பட்டையில் சிறு சிறு பிசின் கட்டிகள் துளையோடு தெரிந்தாலோ, வண்டு உள்ளே புகுந்திருக்கிறது. அந்த மரத்தை விட்டுவிடுங்கள்.

இன்னொரு விஷயத்தைப் பலர் மேலே போன பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். மரம் மேலே போகப் போக மெலியும். அடியில் மட்டமாகப் பூட்டிய தளம் 20 அடியில் மட்டமாக இருக்காது, வெளி விளிம்பு கீழே சாய்ந்துவிடும். பாதம் முன்னால் வழுக்கிக்கொண்டே இருக்கும், அரை மணி நேரத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். அதனால் தரையில் பூட்டும்போதே வெளி விளிம்பு சில அங்குலம் மேல்நோக்கி இருக்கும்படி கேபிளை இறுக்க வேண்டும். எவ்வளவு என்பது மரத்துக்கு மரம் மாறும், இரண்டு மூன்று முறை ஏறினால் கண்ணுக்கே பிடிபட்டுவிடும். மேலே போன பிறகு சாய்வு சரியில்லை என்று தெரிந்தால் கீழே இறங்கி மறுபடி பூட்டுங்கள். உயரத்தில் வைத்துக் கேபிளைக் கழற்றி மாட்டவே கூடாது.

இப்போது ஸ்டாண்டுக்கு வருவோம். இரும்பு கிளைம்பர் விலை குறைவு, ஆனால் பெரும்பாலும் 25 பவுண்டுக்கு மேல் இருக்கும். அலுமினியத்தில் சம்மிட் வைப்பர் எஸ்.டி. சுமார் 20 பவுண்டு. அதே கம்பெனியின் ஓப்பன்ஷாட் சுமார் 15 பவுண்டு. காரிலிருந்து 200 யார்டு நடந்தால் இந்த வித்தியாசம் பெரிதில்லை. ஆனால் டபிள்யூ.எம்.ஏ.வில் சாலையோரம் எல்லாரும் மிதித்த இடம். ஓகோனி தேசியக் காட்டிலோ சீடர் கிரீக்கிலோ ஒரு மைலாவது உள்ளே போனால்தான் மான் இயல்பாக நடமாடும். செப்டம்பர் ஜார்ஜியா வெயிலில் 30 பவுண்டைச் சுமந்து போனால் மரத்தடிக்கு வரும்போதே சட்டை நனைந்திருக்கும். அந்த வாடையோடுதான் மேலே உட்கார வேண்டியிருக்கும். உடம்புக் களைப்பைவிட அந்த வாடைதான் பெரிய நஷ்டம். அதனால் இரும்பு உங்களுக்கு வேண்டாம். கூடவே, ஸ்டாண்டோடு வரும் தோள்பட்டைகள் பெரும்பாலும் மெல்லியவை, தோளை அறுக்கும். ஒரு ஜோடி நல்ல பட்டை தனியாக வாங்கிவிடுங்கள்.

அடுத்தது முன்பக்கம். வைப்பர் போன்றவற்றில் இருக்கையைச் சுற்றி முன்னால் ஒரு கம்பி ஓடும். அதில் கையை ஊன்றி, உட்கார்ந்து எழுந்து ஏறலாம். துப்பாக்கிக்காரர்கள் அதில் துப்பாக்கியைத் தாங்கி வைப்பார்கள். ஹேண்ட் கிளைம்பரிலும் ஓப்பன்ஷாட்டிலும் முன்பக்கம் திறந்திருக்கும். வில்லின் கீழ்முனை எதிலும் இடிக்காது. ஆனால் ஏறும்போது உடம்பை முழுக்கக் கைபலத்தில் தூக்க வேண்டும். வில்வேட்டைக்காரர் என்றால் திறந்த முகப்புதான் வாங்க வேண்டும் என்று பலர் அடித்துச் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். 95 கிலோ எடையுள்ள, முதல் வருடம் ஏறுகிற ஒருவருக்கு உட்கார்ந்து ஏறும் ஸ்டாண்ட்தான் மூச்சு வாங்காமல் மேலே கொண்டுபோகும். களைத்த கைதான் தவறு செய்யும். கம்பி வில்லில் இடிக்குமே என்றால், எழுந்து நின்று எய்யப் பழகுங்கள். இருக்கையைச் சற்றுத் தாழ்த்தி வைத்தால் நிற்கும்போது கம்பி தொடையளவில் நின்றுவிடும். இது என் தேர்வு. நல்ல தோள்பலம் உள்ளவர் வேறு முடிவுக்கு வந்தால் அது தவறில்லை.

எடைத் தாங்குதிறனில் கணக்குப் போட்டே ஆக வேண்டும். 95 கிலோ என்பது சுமார் 210 பவுண்டு. உடை, பூட்ஸ், ஹார்னஸ் (உடம்பில் அணிந்து மரத்தோடு பிணைத்துக்கொள்ளும் பாதுகாப்பு வார்), வில், அம்பு, தண்ணீர், பை எல்லாம் சேர்த்தால் 240-ஐத் தொடும். வைப்பர் 300 பவுண்டு வரை தாங்கும் என்று மதிப்பிடப்பட்டது, போதும். அதே கம்பெனியின் கோலியாத் 350 பவுண்டு தாங்கும், இருக்கையும் அகலம், எடை ஒரு பவுண்டுதான் கூடுதல். டிசம்பரில் தடித்த கோட்டு போட்டு உட்காரும் எண்ணம் இருந்தால் இரண்டிலும் கடையில் உட்கார்ந்து பாருங்கள். தோளும் இடுப்பும் சொல்லிவிடும். எந்த பிராண்டானாலும் டி.எம்.ஏ. என்ற தயாரிப்பாளர் சங்கத்தின் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சத்தத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். லோன் உல்ஃபின் வார்ப்பு அலுமினியத் தளம் ஒரே துண்டு, கிலுகிலுக்கப் பொருத்துகள் குறைவு. சம்மிட்டின் எஸ்.டி. வகைகளில் குழாய்க்குள் நுரை அடைத்திருப்பார்கள். ஆனால் காட்டில் மானை விரட்டுவது பெரும்பாலும் ஏறும்போது வரும் சுரண்டல் ஒலி அல்ல. மடித்த இரண்டு துண்டும் நடக்கும்போது ஒன்றோடொன்று மோதும் உலோக ஒலிதான். மோதும் இடங்களில் துணிநாடா சுற்றி, இரண்டு துண்டையும் பட்டையால் இறுக்கிக் கட்டினால் அது நின்றுவிடும். ஏறும்போது பைன் பட்டைச் சில்லுகள் சருகில் பொலபொலவென்று உதிரும், அதைத் தடுக்க முடியாது. விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மேலே போய்விட்டால் காடு மறுபடி அடங்க நேரம் கிடைக்கும்.

இனி நான் அதிக நேரம் செலவிட விரும்பும் விஷயம்: ஹார்னஸ். பல மாநிலங்களின் வேட்டை விபத்துப் பதிவுகளில் மரத்திலிருந்து விழுவது முன்வரிசையில் இருக்கிறது. அவற்றில் நிறைய ஏறும்போதும் இறங்கும்போதும் நடப்பவை. மேலே போய் உட்கார்ந்த பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்கிறவர் ஆபத்து முடிந்த பிறகு மாட்டுகிறார். முழு உடல் ஹார்னஸைக் காரிலேயே போட்டுவிடுங்கள். மரத்தடியில், பாதம் தரையில் இருக்கும்போதே, மரத்தைச் சுற்றிய கயிற்றில் மாட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை மேல் துண்டைத் தூக்குவதற்கு முன்னும் அந்தக் கயிற்றை முதலில் மேலே தள்ளுங்கள். கயிறு எப்போதும் தலைக்கு மேல் இருக்க வேண்டும். உட்கார்ந்தபின் முதுகிலிருந்து போகும் வார் தளர்வில்லாமல் இருக்க வேண்டும். தளர்வு எவ்வளவோ அவ்வளவு தூரம் விழுவீர்கள். கயிறு முதுகுக்குக் கீழே இருந்தால் விழும்போது ஸ்டாண்டுக்கும் கீழே போய்த் தொங்குவீர்கள், திரும்ப ஏற முடியாது.

தொங்குவதே ஆபத்துதான். தொடைப் பட்டை அழுத்தி, கால் அசையாமல் இருந்தால் ரத்தம் கால்களில் தேங்கும். சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். அதற்காகத்தான் ஹார்னஸோடு ஒரு சிறு மிதிவார் தருகிறார்கள். அதில் காலை வைத்து எழுந்து எழுந்து நின்றால் ரத்த ஓட்டம் இருக்கும். அந்த வாரைப் பையின் அடியில் வைக்காதீர்கள், கைக்கு எட்டும் சட்டைப்பையில் வையுங்கள். போனும் விசிலும் அப்படியே. வீட்டில் ஒருவருக்கு மரத்தின் இடத்தை வரைபடத்தில் குறித்து அனுப்பிவிட்டு ஏறுங்கள். ஸ்டாண்ட் பெட்டியோடு ஒரு ஹார்னஸ் வரும், அது குறைந்தபட்சத் தரம். பட்ஜெட்டில் 100 டாலரையாவது ஒதுக்கி நல்லதாக ஒன்று வாங்குங்கள். அதில் தைத்திருக்கும் லேபிளில் காலாவதித் தேதி இருக்கும், அது தாண்டினால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

மேல் துண்டையும் கீழ்த் துண்டையும் இணைக்கும் கயிறு ஒன்று வரும். அற்பமாகத் தெரியும், ஆனால் அதைக் கட்டாமல் ஏறவே கூடாது. என்னோடு வந்த ஒருவர் அதைக் கட்டாமல் விட்டார். கால்மாட்டியிலிருந்து பாதம் கழன்றதும் கீழ்த் தளம் நழுவி மரத்தடிக்கே போய்விட்டது. இருக்கையில் கால் தொங்க உட்கார்ந்திருந்தவரை இறக்க, ஏணி கொண்டுவர வேண்டியிருந்தது. கயிறு கட்டியிருந்தால் தளத்தை இழுத்து மறுபடி மாட்டியிருக்கலாம். வில்லைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறாதீர்கள். அம்புகளை மூடிய கூட்டில் வைத்து, வில்லோடு சேர்த்துக் கட்டி, மேலே போன பிறகு தனிக் கயிற்றால் இழுத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு உயரம் என்பதில் ஒரே பதில் இல்லை. நான் 18 முதல் 20 அடி வரை போவேன். 20 அடியிலிருந்து 20 யார்டு தள்ளி நிற்கும் மானைப் பார்த்தால் பார்வை 18 பாகை சாயும். அது 10 யார்டுக்கு வந்துவிட்டால் 34 பாகை. 30 அடிக்குப் போய் 10 யார்டில் எய்தால் 45 பாகை. அந்தச் சாய்வில் அம்பு ஒரு நுரையீரலை மட்டும் துளைத்து வெளியேறிவிடலாம். மான் வெகுதூரம் ஓடும், தேடிக் கிடைக்காமலும் போகும். அது மிருகத்துக்குச் செய்யும் கொடுமை. உயரம் கூடினால் வாடையும் அசைவும் மறையும் என்பதில் உண்மை இருக்கிறது. ஆனால் மரத்தின் பின்னணியில் இலைமறைவு இருந்தால் 16 அடியே போதும் என்பது என் அனுபவம். நீங்கள் வலதுகை வில்லாளி என்றால் மான் வரும் தடம் உங்கள் இடப்பக்கம் அமையும்படி மரத்தில் திரும்பி உட்காருங்கள். உடம்பைத் திருப்பாமல் நாண் இழுக்கலாம்.

நான் உறுதியாகச் சொல்ல முடியாத பகுதியும் உண்டு. என் அனுபவம் தெற்குப் பைன் காட்டில். மிச்சிகன், விஸ்கான்சின் குளிரில் உறைந்த பட்டையில் ஏறுவதைப் பற்றி அங்கே இருப்பவர்களிடம் கேட்பதே சரி. உங்கள் முழங்காலையும் தோளையும் நான் பார்த்ததில்லை. குந்தி எழுவதில் வலி இருந்தால் தனியார் நிலத்தில் அனுமதி வாங்கி ஏணி ஸ்டாண்ட் போடுவதே நல்லது.

சட்ட விஷயம் சுருக்கமாக. டபிள்யூ.எம்.ஏ.வில் கையோடு கொண்டுபோய்க் கொண்டுவரும் ஸ்டாண்ட்தான், ஆணியும் திருகுப்படியும் கூடாது. அந்தந்த இடத்தின் இந்த வருட விதிப் புத்தகத்தைப் படித்துவிடுங்கள். துப்பாக்கிப் பருவம் தொடங்கியதும் இடுப்புக்கு மேலே 500 சதுர அங்குல ஒளிரும் ஆரஞ்சு கட்டாயம். அடுத்த வருடம் துப்பாக்கிக்கு மாறலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நீங்கள் தற்காலிக விசாவில் இருந்தால் இதைக் கவனியுங்கள்: அப்படி இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்க அமெரிக்க மத்திய சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் அந்தத் தடைக்கு ஒரு விதிவிலக்கு. குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வில்லுக்கு இந்தச் சிக்கல் கிடையாது.

ஆகவே, பீட்மாண்ட் பைன் காடு, ஒரு மைல் நடை, 95 கிலோ எடை, முதல் வருடம் என்றால் நான் வைப்பரையே வாங்கச் சொல்வேன். உடம்பு அகலமென்றால் கோலியாத். நல்ல ஹார்னஸோடு சேர்த்தால் புதிது உங்கள் பட்ஜெட்டைத் தாண்டலாம். அப்படியானால் ஸ்டாண்டைப் பழையதாக வாங்குங்கள், ஹார்னஸை ஒருபோதும் பழையதாக வாங்காதீர்கள். பழைய ஸ்டாண்டைப் பார்க்கும்போது கேபிளின் ரப்பர் உறையை விரலால் தடவிப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே எஃகு துருப்பிடித்திருக்கலாம், கம்பெனியிலிருந்து புதுக் கேபிள் வரவழைக்க வேண்டும். வெல்டிங் இணைப்புகளில் கோடு போல விரிசல் தெரிகிறதா, போல்ட்டுகள் எல்லாம் அசல்தானா, அந்த மாடலைத் திரும்பப் பெறச் சொல்லி நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அறிவித்திருக்கிறதா என்றும் பாருங்கள். வாங்கியதும் ஒரு வாரம், பகலில், ஹார்னஸ் போட்டு, இடுப்பளவு உயரத்திலேயே ஏறி இறங்கிப் பழகுங்கள். அப்புறம் அதையே இருட்டில், தலைவிளக்கோடு ஒரு முறை செய்யுங்கள். செப்டம்பரில் இறங்கும் நேரம் அப்படித்தான் இருக்கும்.